அப்பா அணைக்காத டிவி

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சில்க் போர்டு சிக்னல். பெங்களூர்வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வண்டி நகரவே இல்லை. பக்கத்து சீட்டில் என் பையன். பதினாலு வயசு. என்னிடம் பேசி நாலு நாளாச்சு. "எப்பப் பாரு ஜப்பான்காரன் பாட்டு. தமிழ்ப் பாட்டு ஒண்ணாவது முழுசாத் தெரியுமாடா?" என்று திங்கட்கிழமை நான் கத்தியதன் பலன்.

பேசாமல் போனை கார் ஸ்பீக்கரில் இணைத்தான். 'கௌபாய் பீபாப்' என்று 1998-ல் வந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரின் இசை ஆல்பமாம். டிரம்பெட், போங்கோ, சாக்ஸபோன் என்று ஒரே அமர்க்களம்.

"இதுல ஒரு வார்த்தையாவது புரியுதாடா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசுவாங்க. மத்தபடி வார்த்தையே இல்லப்பா. கேளுங்க."

பல்பு வாங்கிக்கொண்டு கேட்டேன் :-)

அப்புறம் அவனே ஆரம்பித்தான். இசையமைத்தவர் யோகோ கன்னோ என்ற பெண்மணி. இந்தத் தொடருக்காகவே ஜாஸ், ப்ளூஸ் வாசிக்க சீட்பெல்ட்ஸ் என்று ஒரு குழுவைச் சேர்த்தாராம். இயக்குநர் வதனபே கேட்காத இசையையும் போட்டுக் கொடுப்பாராம். அதைக் கேட்டு அவர் புதுசாகக் காட்சி யோசிப்பாராம். மொத்தம் 26 எபிசோடு. பத்து நிமிஷம் விடாமல் பேசினான். ஒரு மாசத்தில் அவ்வளவு பேசியதில்லை.

எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

1993, திருநெல்வேலி. ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்'. அதுவும் ஜப்பான்காரர்கள் 1989-ல் எடுத்த தொடர்தான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜப்பானில் ஒலித்த டைட்டில் பாட்டை எடுத்துவிட்டு, நமக்கென்று குல்சார் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாட்டைப் போட்டார்கள். எனக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. காதில் விழுந்ததை நானே ஒரு இந்தியாக்கி வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிவேன்.

எங்கப்பா 1965-ல் கல்லூரி மாணவர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் பட்ட அடியின் தழும்பு கடைசி வரை அவர் முழங்காலில் இருந்தது. இந்திச் செய்தி ஆரம்பித்தாலே எழுந்து போய் டிவியை அணைத்துவிடுவார்.

ஒரு ஞாயிறு, துண்டைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு நான் மோக்லியாக ஆடிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். கை சுவிட்சுக்குப் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். கையை எடுக்காமல் பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். டிவி ஓடிக்கொண்டே இருந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. இப்போது கேட்கலாமென்றால் அவர் இல்லை. அடி வாங்கின மனுஷன் என் பாட்டுக்காக நின்றார். ஒரு அடியும் வாங்காத நான் என் பையனைக் கத்தினேன்.

பையனிடம் இதைச் சொன்னேன். ஆச்சியிடம் கூடச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அந்தப் பாட்டைப் பாடுங்கப்பா" என்றான்.

பாடினேன். முதல் வரி தவிர எல்லாம் என் சொந்த இந்திதான். விழுந்து விழுந்து சிரித்தான். சிக்னல் விழுந்து, பின்னாடி ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

"உன்னோடதை முதல்லேர்ந்து போடுடா" என்றேன்.