டிவி வந்தது, பேச்சும் வந்தது

"டிவி பாத்துப் பாத்துத்தான் பொண்ணுங்க கெட்டுப்போச்சு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பதிவு.

1993-ல் சன் டிவி வந்தது. கேபிள்காரர்கள் தெருத்தெருவாக வயர் இழுத்தார்கள். 2006-ல் அரசே இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது.

'மெட்டி ஒலி' சீரியல் ஓடிய காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பனின் கதை. விளம்பர இடைவேளையில், "கட்டினவன்னா கைநீட்டலாமா?" என்று என் அத்தை கேட்டார். சொந்த வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்காதவர் அவர். அடுத்தவள் கதையாக இருந்ததால் அவரால் பேச முடிந்தது.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது.

எல்லாம் டிவியால்தான் என்று சொல்ல மாட்டேன். படிப்பும் பஸ் வசதியும் கைச்சம்பளமும் சேர்ந்துதான் கல்யாண வயதைத் தள்ளிப்போட்டன, முறைமாமனுக்கே கட்டிவைக்கும் வழக்கத்தைக் குறைத்தன. நகைக்கடை விளம்பரங்களால் பவுன் ஆசையை வளர்த்ததும் இதே டிவிதான்.

ஆனாலும் பெண்கள் கெட்டுப்போகவில்லை, கேள்வி கேட்கிறார்கள். ஜாதகத்தை எடுக்கும் முன் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை மதியுங்கள்.