ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

தெற்கு டெல்லியில் ஒரு காலனியின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். காலனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் உறுப்பினர்களில் வக்கீல்கள் அதிகம். பாரபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலிலிருந்து நடந்து வரும் தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன். குறிப்பெழுதுவதும் வரைவு தயாரிப்பதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். பஞ்சாபியும் பனியாவும் கூட்டத்தில் சத்தம் போடுவார்கள். ராத்திரி உட்கார்ந்து அதைத் தீர்மானமாக எழுதுவது மதராசி. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில்தான் தப்பு நடந்தது.

எதைப் பற்றிய வாக்குமூலம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் கடைசியில் நான் எழுதிய ஒரு சுற்றறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தை நானே அடித்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. கெஞ்சக்கூட இல்லை.

டெல்லியில் இந்தச் சங்கங்களுக்கு இருக்கும் செல்வாக்கைச் சென்னைக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சட்டப்படி நாங்கள் 1860-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு தனியார் அமைப்பு. பஜனை சபைக்கும் மனமகிழ் மன்றத்துக்கும் உள்ள அந்தஸ்துதான் எங்களுக்கும். மாநகராட்சிச் சாலைக்குப் பூட்டுப் போட எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் ஷீலா தீட்சித் முதல்வராக இருந்தபோது, 2000-இல், ‘பாகீதாரி’ என்ற திட்டம் வந்தது. குடிநீர் வாரியம், மாநகராட்சி, மின்துறை, போலீஸ் என்று எல்லா அதிகாரிகளையும் சங்கப் பிரதிநிதிகளோடு ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். 2005-இல் மின்கட்டணத்தைப் பத்து சதவீதம் உயர்த்தியபோது சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஏற்றிய தொகையைக் கட்ட மாட்டோம் என்றன. அரசு இறங்கி வந்தது. அதன்பிறகு நாங்கள் ருசி கண்ட பூனைதான். 2012-இல் மாநகராட்சியை மூன்றாகப் பிரித்து 2022-இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று ஜனங்கள் திண்டாடிய அந்தப் பத்து வருஷத்தில் செயலாளரின் மவுசு இன்னும் கூடியது. போலீஸ் ஸ்டேஷன் எஸ்.எச்.ஓ. எழுந்து கைகொடுப்பார். வார்டு கவுன்சிலரின் ஆள் தீபாவளிக்கு உலர்பழப் பெட்டி கொண்டு வருவார். ‘செக்ரட்டரி சாப்’ என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிரும்.

நல்ல காரியங்களும் செய்தோம். தெருவிளக்கு, சாக்கடை தூர்வாரல், கொசு மருந்து, பூங்காவில் பெண்கள் பயமில்லாமல் நடக்க ஒரு வெளிச்சம். அவற்றை விவரிக்க இது இடமில்லை. ஆண்டறிக்கையில் விவரித்திருக்கிறேன், நன்றாகவே.

உறுப்பினர் யார் என்பதுதான் விஷயம். எங்கள் விதிகளின்படி வீட்டுச் சொந்தக்காரர் மட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை. டெல்லிக்கு வந்த புதிதில் நானே கரோல் பாக்கில் மொட்டை மாடி பர்சாதியில் குடியிருந்தவன். மே மாத வெயிலில் அந்தத் தகரக் கூரை என்ன பாடு படுத்தும், வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை எந்த நேரம் மூடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனாலும் இத்தனை வருடத்தில் அந்த விதியை மாற்ற ஒரு தடவையும் நான் வாயைத் திறந்ததில்லை. காலையில் எங்கள் கேட்டுக்குள் நுழையும் சமையல்காரர், டிரைவர், கார் துடைக்கும் பையன், துணி தேய்க்கும் ப்ரெஸ்வாலா, குப்பை அள்ளும் கூடாவாலா ஆகியோரைப் பற்றிய தீர்மானங்கள்தான் எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் பாதி. அவர்களில் ஒருவரும் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை. டீ கொடுக்க வந்திருக்கிறார்கள்.

2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. அன்று சங்கத்துக்குக் கிடைத்த அதிகாரம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. யார் உள்ளே வரலாம், பால் பாக்கெட் எங்கே இறங்க வேண்டும், செய்தித்தாள் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடிவானது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் கேட்டோடு நிறுத்தப்பட வேண்டும் என்று தலைவர் சொன்னார். எழுதித் தரச் சொன்னார். மார்ச் 29-இல் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டிருந்தது. தொழிற்சாலைகள், கடைகள், வணிக நிறுவனங்கள் ஊரடங்குக் காலத்துக்கும் ஊழியர்களுக்குப் பிடித்தமில்லாமல் சம்பளம் தர வேண்டும். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. இந்த மாதிரி உத்தரவுகளை வரிவரியாகப் படிப்பது எனக்குப் பழக்கம். படித்துவிட்டு, என் வரைவின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: வேலைக்கு வர முடியாத நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுக்குமாறு உறுப்பினர்களைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

தலைவர் போனில் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் “யே க்யோங்?” என்றார். அவ்வளவுதான். இது எதற்கு என்ற ஒரே கேள்வி. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “ஆமாம் சார், உள்துறை உத்தரவில் வீடுகள் வராது, நிறுவனங்கள் மட்டும்தான். நாம் போட்டால் சட்ட ஆதாரம் இருக்காது” என்றேன். அவர் அந்தக் காரணத்தை யோசித்தே இருக்க மாட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். வாக்கியம் போயிற்று. சுற்றறிக்கை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா போனிலும் விழுந்தது. “வெல் டிராஃப்டட்” என்று மேல்தளத்து ஓய்வு பெற்ற கர்னல் பதில் போட்டிருந்தார்.

ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் சொன்னது பொய்யில்லை. வீட்டு வேலை செய்பவர்களைச் சட்டம் எளிதில் கண்ணில் படாதபடிதான் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலாவது அவர்களுக்கென்று 2007-இலிருந்து நலவாரியம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் கொண்டு வந்த 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இவர்களுக்காகத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராய ஒரு குழு போடும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னதே 2025 ஜனவரியில்தான். ஆனால் நான் எழுதியது சட்டமே இல்லையே. ஒரு வேண்டுகோள். வேண்டுகோளுக்கு எந்தப் பிரிவு வேண்டும்? எங்கள் காலனியில் செருப்பை வாசலில் அடுக்கி வைக்கச் சொல்லிக்கூட வேண்டுகோள் விட்டிருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் மறுபடியும் செயலாளர் தேர்தல் வரும், சம்பளம் கொடுக்க விரும்பாதவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற கணக்கு என் மனதில் ஓடியது. அதுதான் காரணம். சட்ட ஆதாரம் என்பது அதற்கு மேல் போர்த்திய சால்வை.

என் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஏப்ரலுக்கு முழுச் சம்பளம் கொடுத்தோம். மே மாதம் பாதி. அதையும் சொல்லிவிட வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவர் மதராசி கேம்ப்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஜங்க்புரா பக்கம் நாலா ஓரமாக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த தமிழர் குடியிருப்பு. அந்த அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் காலனியிலேயே இன்னும் சில வீடுகளில் பாத்திரமும் துடைப்பும் அவருடையதுதான். அந்த வீடுகளில் ஒன்று தவிர மற்றவை ஒரு காசு தரவில்லை என்று பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். “சங்கத்து நோட்டீஸ்ல சம்பளத்தப் பத்தி ஒண்ணும் போடலியேன்னு சொல்றாங்கம்மா” என்றாராம். மனைவி என்னைப் பார்த்தாள். அந்த நோட்டீசை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். அடித்த வாக்கியம் மட்டும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மே தொடக்கத்தில் தளர்வுகள் வந்தபோது, வீட்டு வேலையாட்களை விடுவதா வேண்டாமா என்பதைச் சங்கங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று உள்துறை அதிகாரிகள் சொன்னார்கள். நாங்கள் இன்னும் சில வாரங்கள் இழுத்தோம். ஏகமனதாக.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தடவை வழுக்கியது என்று என்னையே நான் மன்னித்திருப்பேன். 2024 மழைக்காலத்தில் எங்கள் பின்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பல துறைகளுக்கும் மனு எழுதினேன். பாரபுல்லாவில் தண்ணீர் வடியாததற்குக் காரணங்கள் ஏராளம்: தூர்வாராத சேறு, கட்டட இடிபாடு, மேலே பாலம், பல துறைகளுக்கிடையே யாருக்கும் சொந்தமில்லாத பராமரிப்பு. என் மனுவில் அவையெல்லாம் இருந்தன. நாலா ஓர ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்ற ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை எழுதும்போது, ஆக்கிரமிப்பு என்று எதைச் சொல்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மதராசி கேம்ப்பிலிருந்து வந்த கை போட்ட காபி மேஜை மேல் இருந்தது.

என் மனுவால் மதராசி கேம்ப் இடிந்தது என்று சொன்னால் அது எனக்கு இல்லாத முக்கியத்துவம். தண்ணீர் தேங்குவது பற்றிய வழக்கு டெல்லி உயர்நீதிமன்றத்தில் தன் போக்கில் நடந்தது. 2025 மே 9-இல் உத்தரவு வந்தது; ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். அவற்றில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு, அதுவும் நகரத்தின் வடக்கு ஓரத்தில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். கேம்ப்பின் பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு வந்து போனவர்கள். நரேலாவிலிருந்து அந்தப் பள்ளிக்கு வர விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். ஜங்க்புராவில் காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருவதும் அப்படித்தான்.

மாற்று வீட்டுக்குத் தகுதி என்பது காகிதங்களால் ஆனது. 2015 ஜனவரி 1-க்கு முன்பே அந்தக் குடிசையில் இருந்ததை வாக்காளர் பட்டியல் போன்ற சான்றால் காட்ட வேண்டும். அந்த அம்மாவின் பெயர் ஒரு பட்டியலில் ஒரு எழுத்தோடும் இன்னொன்றில் வேறு எழுத்தோடும் இருந்தது. இடிப்புக்கு முந்தைய ஏப்ரல் வாக்கில் ஒரு நாள் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். “சார், நீங்க நல்லா இங்கிலீஷ்ல எழுதுவீங்களாமே. எங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு” என்றார். அரை மணி நேர வேலை. அலுவலகத்தில் இருந்தபோது எத்தனையோ ஓய்வூதியக் கோப்புகளில் இதே எழுத்துப் பிழையைச் சரி செய்து கொடுத்திருக்கிறேன். “வச்சிட்டுப் போங்கம்மா, பாக்கறேன்” என்றேன்.

பை என் அலமாரியில் இருந்தது. தினமும் பார்த்தேன். எழுதவில்லை. அகற்று என்று கையெழுத்துப் போட்டவன், அகற்றாதே என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது, நாளைக்கு இரண்டு கடிதமும் ஒரே கோப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பயம். உண்மையில் அவர் கேட்டது அகற்றாதே என்ற கடிதம்கூட இல்லை. என் பெயர் இது என்ற கடிதம். ஒரு வாரம் கழித்து அவரே வந்து பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கேம்ப்பில் காலேஜ் படிக்கும் ஒரு பெண் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தாளாம். என் மேல் கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. “சாருக்கு வேல ஜாஸ்தி” என்று மனைவியிடம் சொன்னார்.

பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. நான் எழுதியிருந்தால் வந்திருக்குமா என்று தெரியாது. அதை வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. இப்போது ஒரு வாடகை அறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். எங்கள் வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் மட்டும்.

இவ்வளவும் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டில் நிற்கும் காவலாளிகளை ஒரு ஏஜென்சி மூலம் வைத்திருக்கிறோம். டெல்லியில் திறன் தேவைப்படாத வேலைக்கு 2025 ஏப்ரலில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. ஏஜென்சியின் பில்லில் ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் என்று இருக்கும். கேட்டில் இரண்டே பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அவர்கள் கையில் வாங்கும் தொகை அந்த எண்ணுக்குக் கணிசமாகக் கீழே. இது எனக்குத் தெரியும், பொருளாளருக்குத் தெரியும், டெண்டரில் மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி மூன்று பேருக்கும் முழு ஊதியம் கொடுத்தால் வீட்டுக்கு மாதச் சந்தா எவ்வளவு ஏறும் என்று ஒரு குறிப்பு தயாரித்தேன். ஒரு நல்ல உணவகத்தில் குடும்பத்தோடு ஒரு வேளை சாப்பிடும் செலவைவிடக் குறைவு. கடந்த செயற்குழுவில் அதை நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக வைத்திருந்தேன். ஆறாவது விஷயமான கார் நிறுத்தத்திலேயே சண்டை வந்து கூட்டம் கலைந்தது. ஏழாவதை மேலே ஏற்றி முதலில் எடுக்கச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு. நான் அதைச் செய்யவில்லை.

ஏஜென்சிக்கான காசோலை மாதம் ஐந்தாம் தேதி போகும். தலைவர், செயலாளர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். இந்த மாதமும் போட்டேன்.