சுண்ணாம்புத் தண்ணி

சிங்கப்பூரில் தண்ணீரின் விலையைப் பற்றிப் பேசுவார்கள். ஜோகூர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். 1962இல் கையெழுத்தான அது 2061இல் முடிகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தண்ணீரின் குணத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டிய தேவை இல்லை. பருப்பு வேகிறது, சோப்பு நுரைக்கிறது, குளித்துவிட்டு வந்தால் முடி முடியாகவே இருக்கிறது. முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு ஜூரோங் தங்கும் விடுதியின் குளியலறைதான் முதல் அதிசயம். கட்டடங்களை எல்லாம் சினிமாவில் பார்த்தாகிவிட்டது. இப்படி நுரைக்கும் சோப்பை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர். குடிக்க, சமைக்க ஊருணித் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர். ஊருணி மழைநீர், அதனால் மென்மையானது. தேத்தான்கொட்டையைப் பானைக்குள் உரசிவிட்டால் கலங்கல் தெளிந்துவிடும். போர்த் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். எல்லாரும் அதை 'உப்புத் தண்ணி' என்றுதான் சொல்வோம். ஆனால் உப்பு வேறு, கடினத்தன்மை வேறு. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, வழியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் வாயு பறந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்து, சூடு எங்கே அதிகமோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் வாங்கி மாட்டிய கீசர் இப்படித்தான் செத்தது. முதலாவது பதினாலு மாசம் ஓடியது. இரண்டாவது அதுவும் இல்லை. உள்ளே இருக்கும் கம்பியின் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ள, கம்பியின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கம்பியையே எரித்துவிடுகிறது. கழற்றிப் பார்க்க வந்தவர், "தண்ணி சரியில்ல சார், இதெல்லாம் வாரண்டில வராது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்றாவது கீசரை அம்மா வாங்கவிடவில்லை. அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் மார்கழியில் மடங்க மறுக்கும். "வெந்நியிலதான்யா குளிக்கிறேன்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் வைத்த குண்டானைத் தூக்க அந்தக் கைகளால் முடியாது என்பதால் இரண்டு குளிர்காலம் பச்சைத் தண்ணீரில் குளித்தாள் என்பதைப் பக்கத்து வீட்டுச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு பாத்திரக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கொத்துவிளக்கு, பித்தளைக் குடம், பொங்கல் பானை எல்லாம் தொங்கின. கரி போட்டு வெந்நீர் வைக்கும் செப்பு பாய்லர் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, அத வீவக வீட்ல பத்த வெச்சீங்கன்னா தண்ணி சுடுறதுக்குள்ள தீயணைப்பு வண்டி வந்துரும்." ஊருக்கு என்று விளக்கியதும் அவர் குரல் மாறியது. அவர் அம்மா வீட்டிலும் ஒன்று இருந்ததாம். "கரண்டு பாய்லருக்குத்தான் தம்பி தண்ணி நல்லா இருக்கணும். அது எந்தத் தண்ணியையும் தாங்கும். கைய விட்டுத் தட்டி எடுத்துரலாம்ல."

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயமே. சுண்ணாம்பு படிவதை இந்த பாய்லரும் தடுக்காது. படிந்ததைக் கண்ணால் பார்க்கலாம், கையால் எடுக்கலாம். கீசரின் வயிறு மூடியது. அது சாகிறது என்பது செத்த பிறகுதான் தெரியும்.

கடையை விட்டு வெளியே வந்து சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். இந்தக் கோயிலை ஆரம்பத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று சொல்லியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்த தமிழர்கள் வைத்த பேர் அது. கம்பம் மலாய், சுண்ணாம்பு நம்முடையது. நகர மண்டபம் பக்கம் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளை வைத்துக் கட்டினார்கள். சுவர்ப் பூச்சு 'மெட்ராஸ் சுண்ணம்': சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, பூசி ஒரு நகரத்தை வெள்ளையாக்கிய ஊர்க்காரர்களின் பேரன்களில் ஒருவன் அதே சுண்ணாம்பை ஒரு பாத்திரத்திலிருந்து எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்ததில் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இன்னொரு வேடிக்கை. கடின நீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பையே போடலாம். தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1841இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். பழைய சுண்ணாம்பு, புதுச் சுண்ணாம்பு இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அளவு தப்பினால் தண்ணீர் காரமாகிக் கை அரிக்கும் என்பதால் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மீன்தொட்டி வைப்பவர்கள் வாங்கும் சோதனைப் பட்டைகளை எடுத்துப் போனேன். போர்த் தண்ணீரில் நனைத்ததும் பட்டை கடைசிக் கட்டத்து நிறத்துக்குப் போனது. அதற்கு மேல் அளக்க அதில் இடமில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். எங்கள் தண்ணீர் அந்த 600இல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 25 லிட்டரில் 15 கிராம். தினம் ஒரு பாய்லர் என்றால் வருஷத்துக்கு ஐந்தரைக் கிலோ. அதில் கால்வாசி படிந்தாலும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கல்.

பரமக்குடி பஜாரில் பாய்லரை எடை போட்டு வாங்கினோம். 25 லிட்டர். உருளையான செப்புப் பாத்திரம், நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு குழாய், குழாய்க்கு அடியில் சல்லடைத் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். நெருப்பு நடுக்குழாயில் எரியும், தண்ணீர் சுற்றி நிற்கும். தண்ணீர் ஊற்றாமல் நெருப்புப் போட்டால் பற்றவைப்பு இளகிவிடும் என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். அண்ணன் குளியலறைக்குள்ளேயே வைக்கலாம் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் வருவது வாசனை இல்லாத விஷவாயு. தூங்குவது மாதிரி ஆளை முடித்துவிடும். கொல்லையில், கூரை இருந்தும் சுவர் இல்லாத இடத்தில், குளியலறைச் சுவரை ஒட்டி மூன்று வரிசை செங்கல் மேடை போட்டு உட்கார வைத்தோம். பித்தளைக் குழாயிலிருந்து சுவரில் ஓட்டை போட்டு ஒரு செப்புக் குழாய் உள்ளே போகிறது. நிரப்புவதற்கு மேல்தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ், சும்மா மேலே தொங்கும்படி. இறுக்கி இணைக்கக் கூடாது. நீராவி வெளியேற வழி இருக்க வேண்டும். அம்மா எதையும் தூக்க வேண்டியதில்லை. இரண்டு திருகு, ஒரு தீப்பெட்டி.

கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. நிலத்தடி நீரை எல்லாம் உறிஞ்சிவிட்டது என்று நீதிமன்றம் வரை இழுக்கப்பட்ட சீமைக் கருவேலம், மூட்டம் போட்டுக் கரியாகி லாரி லாரியாகப் போகிறது. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகக் கணக்குப்படி 130 கிராம் கரி போதும். பாதிச் சூடு காற்றில் போய்விடும் என்பதால் கால் கிலோ. அம்மா கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, கூட நாலு கொட்டாங்குச்சியையும் போடுகிறாள்.

நான் அங்கே இருந்த பத்து நாட்களில் யோசனை வேறு பக்கம் போனது. சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீர் நான்கு இடத்திலிருந்து வருகிறது: மழை, ஜோகூர், 2003இல் வந்த புதுநீர், 2005இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மழைநீரைப் பிடித்து நீர்த்தேக்கங்களுக்கு அனுப்புகிறது. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளினால் வரும் தண்ணீர் வெறுமையானது, இரும்புக் குழாயை அரிக்கும். அதனால் இந்த மாதிரி ஆலைகளில் பொதுவாக அதில் கொஞ்சம் சுண்ணாம்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "இங்க வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வீட்டு மாடிக் குழாயும் அப்போது தோண்டிய குழியைப் பார்த்துத்தான் நிற்கிறது. குழி என்றைக்கோ தூர்ந்துவிட்டது. அந்தக் குழாயை வெட்டி, வடிகட்டியாக ஒரு பழைய வேட்டியைக் கட்டி, 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குத் திருப்பினோம். எங்கள் பக்கம் மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். வெந்நீர் தேவைப்படுவது மார்கழி, தையில். தொட்டித் தண்ணீர் பாய்லருக்கு இருபது நாள் வரும்.

அதற்குப் பிறகு போர்த் தண்ணிதான். மாசம் ஒருமுறை எலுமிச்சை உப்பைக் கரைத்து இரவு முழுக்க ஊற வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிளம்பர் யாராவது ஆசிட் ஊற்றுகிறேன் என்று வந்தால் விட வேண்டாம், செம்பையே தின்றுவிடும். போன வாரம் வீடியோவில் அம்மா உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். நகம் அளவுக்கு வெள்ளை ஓடுகள். விரல்கள் முழுசாக மடங்கவில்லை, ஆனாலும் ஓடுகளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மடங்கியிருந்தன. "ஏய்யா, இத இடிச்சுக் கோலப்பொடியில கலக்கலாமா?" என்று கேட்டாள்.

கலக்கலாம் என்றேன்.