ஊதுகுழலும் உறிஞ்சுகுழலும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிற்சாலைத் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தம் லயத்தின் இஸ்தோப்பையே பட்டறையாக்கிக் கொண்டார். பால் வற்றிய இறப்பர் மரமும் பலாவும் அவர் கையிற் கதிரைகளாகவும் மேசைகளாகவும் உருப்பெற்றன. வட்டவாள் சுழலும் மாலைகளில் மரத்தூள் இஸ்தோப்பை நிறைத்து, அடுத்த காம்பராவின் வாசலையும் தொட்டது. அங்கே இழுப்பு நோயுடைய சிறுமி ஒருத்தி இருந்தாள்.

தூசி நெஞ்சுக்குச் செய்யும் தீங்கு தோட்டங்களுக்குப் புதிதன்று. தேயிலைத் தூசியால் உண்டாகும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இல் எழுதினார். மரத்தூளும் எளிதாக எண்ணத்தக்கதன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அதனை மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது.

ஆகவே தச்சர் தூசி உறிஞ்சும் இயந்திரமொன்றை வாங்கினார். தேயிலை வாட்டும் தொட்டிகளின் கீழ்ப் பெருவிசிறிகள் ஊதும் காற்று இலைப்படுக்கை முழுவதையும் ஊடுருவுவதைப் பல்லாண்டு கண்டவர் அவர். உறிஞ்சும் காற்றுக்கும் அதே வலிமை உண்டென நம்பினார். இயந்திரத்தைச் சுவரோரம் நிறுத்தி, 2 அங்குல விட்டமுள்ள நெளிகுழாயை நீளமாக இழுத்து, அதன் வாயை வாளுக்கு ஒரு முழம் அப்பால் வைத்தார். இயந்திரம் பெரிதாக இரைந்தது. தூசியோ முன்போலவே பறந்தது.

அடுப்படியில் ஊதுகுழலோடு குந்தியிருந்த தமக்கையாரிடம் குறையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஊதுனா காத்து கங்கு வரைக்கும் போவுது தம்பி. உறிஞ்சுனா கிட்ட இருக்கிற புகைதானே வாயில ஏறும்?"

அவர் சொன்னதே இயற்பியலின் உண்மையுமாகும். ஊதப்படும் வளி ஒரு திசையிலேயே பாய்கிறது. வாயின் விட்டத்தைப் போல் 30 மடங்கு தொலைவிலும் அதன் வேகத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு எஞ்சுகிறது. உறிஞ்சும் வாயோ எல்லாத் திசைகளினின்றும் வளியை ஈர்ப்பதால், ஒரு விட்டத் தொலைவிலேயே வேகம் பத்திலொரு பங்கினுங் குறைந்துவிடுகிறது. 2 அங்குலக் குழாய்க்கு அத்தொலைவு வெறும் 2 அங்குலமே.

குழாயின் ஒடுக்கமும் மற்றொரு தடை. 4 அங்குலக் குழாயை 2 அங்குலமாக்கினால் அதன் குறுக்குப் பரப்பு நாலிலொன்றாகும். அதே அளவு வளி செல்ல வேகம் 4 மடங்காக வேண்டும். உராய்வால் இழக்கும் அமுக்கமோ ஏறக்குறைய 32 மடங்காகும். அதனை ஈடுசெய்ய விசிறியால் இயலாது. எனவே வளியோட்டம் மெலிகிறது. ஆயினும் குழாயை வரம்பின்றி அகலமாக்கலும் ஆகாது. செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகம் இல்லையேல் மரத்தூள் குழாயினுள்ளேயே படிந்துவிடும்.

தச்சர் இயந்திரத்தை வாளருகே கொணர்ந்தார். 4 அங்குல நேர்க்குழாயைப் பூட்டினார். கூரிய வளைவுகளை நீக்கினார். குழாயின் வாயை வாளுறையோடு பொருத்தினார். தூசி பிறக்குமிடத்திலேயே பிடிபட்டது. எனினும் சாய்ந்த வெயிலில் இயந்திரத்தின் துணிப்பையைச் சுற்றி மென்புகை போன்றதொன்று மிதந்தது. முரட்டுத் துணி பருந்தூளைப் பிடித்து நுண்தூளை விட்டுவிடுகிறது. நுரையீரலின் ஆழத்தை அடைவது அந்நுண்தூளே. நெருக்கமான துணி வளியையும் தடுக்கும். ஆதலின் பையின் பரப்பைப் பெருக்குவதன்றி வேறு வழியில்லை. அவர் பெரிய பையொன்றைத் தைப்பித்தார்.

தூசியை வெளியே விட்டுவிடலாமே எனலாம். ஆனால் லயத்தில் 'வெளி' என்பது யாது? ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் காம்பராக்களில், ஒருவரின் வெளி மற்றவரின் வாசலன்றோ? அப்பால் ஒரு கொட்டில் போடலாமென்றாலோ, நிலம் அவருடையதன்று. தலைமுறைகளாகத் தோட்டத்தை உருவாக்கியவர்க்கு ஒரு பட்டறைக்கேனும் சொந்தமாக இடமில்லை. குழாயைத் திருத்தும் அறிவு இக்குறையைத் திருத்தாது.

இப்போது அவர் பட்டறையில் வாள் மாலையிற் சுழல்வதில்லை. முகக்கவசம் அணிந்து, காலையிலேயே மரத்தை அறுத்து முடிக்கிறார். அந்நேரம் சிறுமி பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.