நடை தந்த துணிவு

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. இதய நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். மாடிப்படியைக் கண்டால் அச்சம். தண்ணீர்க் குடத்தைக் கண்டால் அச்சம். தம் நெஞ்சின் துடிப்பைக் கேட்டாலே அச்சம். இதை நான் நூலில் படிக்குமுன், செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

இராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கும் என் தந்தையாருக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. மதுரையில் இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். “நாள்தோறும் நடக்க வேண்டும்” என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. பத்தடி நடந்தாலும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார்கள். நடந்தால் துடிப்பு கூடும், துடிப்பு கூடினால் வலி திரும்பும் என்ற எண்ணம். பார்க்க வந்தவர்களும், “அலையாதீங்க அண்ணாச்சி, பேசாம உட்கார்ந்திருங்க” என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட எடுக்க விடவில்லை. உடம்பு தேறத் தேற, மனம் மெலிந்துகொண்டே வந்தது.

இந்த அச்சம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது என்பதைப் பிற்பாடு படித்தபோது வியந்தேன். மாரடைப்பு வந்தவர்களை அன்று ஆறு வாரம் வரை படுக்கையிலேயே கிடத்தி வைப்பார்களாம். 1952-ல் அமெரிக்காவில் லெவின், லவுன் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதனால் கேடு விளையவில்லை. 1955-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட், நடையின் நன்மையை ஓயாது எடுத்துச் சொன்னவர். ஐசன்ஹோவர் மறு ஆண்டே மீண்டும் தேர்தலில் நின்று வென்றார்.

அந்த டாக்டர் ஒயிட்டிடம் பயின்றவர்களுள் ஒருவர், நம் நாட்டின் முதல் பெண் இதய நிபுணர் எனப் போற்றப்படும் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் தாயாருடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். முதுமையிலும் நீச்சலை விடாத அவர், 2020-ல் தம் 103-ஆம் வயதில் மறைந்தார்.

அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, நர்ஸ் ஒருவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று அளந்தார். பிறகு எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இதயமும் ஒரு தசைதான். நடந்து பழகினால், கால் தசைகள் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை நன்றாக எடுத்துக்கொள்ளும். பிறகு அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தாலே போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் அது சரியான வேகம். நெஞ்சுவலியோ, தலைசுற்றலோ, கடும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்றுவிட வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நானும் அப்பாவுடன் புறப்பட்டேன். தெருவிலுள்ள மின்கம்பங்களே எங்கள் அளவுகோல். முதல் நாள் போக மூன்று கம்பம், வர மூன்று கம்பம். மூன்றாம் கம்பத்தடியில் அப்பா நின்றுவிட்டார்கள்.

“பாப்பா, நெஞ்சு படபடங்குது.”

“வலிக்குதாப்பா?”

“வலியில்ல. படபடப்புத்தான்.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. பாருங்க” என்று என் கையை நீட்டினேன். அப்பா என் நாடியை எண்ணிப் பார்த்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் நாடியும் விரைவாகவே துடித்தது. அப்பா சிரித்துவிட்டார்கள். நோய் வந்த பின் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

வாரந்தோறும் கம்பங்கள் கூடின. இடையில் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். நான்கு நாள் அப்பா வெளியே வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் எழுந்து பார்த்தபோது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள்! இரண்டாம் மாத முடிவில், மேற்கே மலைத்தொடரைப் பார்த்தபடி கண்மாய்க்கரையில் அரை மணி நேரம் நடந்தோம். மூன்றாம் மாதம் டாக்டரின் அனுமதியுடன் அப்பா மில்லுக்குத் திரும்பினார்கள்.

அன்புத் தோழியரே! நம் வீடுகளில் தாத்தாவோ, பாட்டியோ, தந்தையோ இப்படி அஞ்சி முடங்கியிருக்கலாம். அவர்களிடம் “நடங்கள்” என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, ஒரு நாள் உடன் நடப்பது மேலானது. எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, அவர்கள் கையைப் பிடித்து முதல் கம்பம் வரை அழைத்துச் செல்லுங்கள்.