உப்பும் மின்சாரமும் ஊர் நலமும்

நோய் வந்தபின் மருந்து தேடி அலைவது நம்மவர் வழக்கம். நோயைத் தடுக்கும் பொருளை ஊராட்சியே ஆக்கி, வீடுதோறும் வழங்கினால் என்ன? கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் எமக்கு, மின்பகுப்புப் பாடம் வரும்போதெல்லாம் இவ்வினா எழுவதுண்டு.

இது வெறுங் கனவன்று. இலண்டனின் கிழக்கே, துறைமுகத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி பொப்ளர். 1906ஆம் ஆண்டளவில் அங்கே சுகாதார வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் அலெக்சாண்டர், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கிருமிநாசினி நீர் ஆக்கும் நிலையமொன்றை நகரசபையின் பொறுப்பில் அமைத்தார். அந்நீர் ஏழை எளியவரின் இல்லங்களுக்கும் சென்றது.

அதன் சூட்சுமம் எளியது. உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனையில் குளோரீனும் மறுமுனையில் காரமும் உண்டாகின்றன. இரண்டும் கலக்கும்போது பிறப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. இன்று கடைகளில் வெளிற்றும் திரவம் என்று போத்தலில் விற்கப்படுவதும் இதுவே. இதே குளோரீன் இனம் குடிநீரையும் காத்தது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது குடிநீரிலே இது சேர்க்கப்பட்டது. 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் இம்முறையை நிரந்தரமாகவே மேற்கொண்டது.

நாம் வாழும் பிலிமத்தலாவையில் கிணற்றுநீரை நம்பிய வீடுகள் இன்னும் உள. ஒரு பெருமழைக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறுகளில் குளோரீன் தூளிட்டுச் சென்றார். மறுநாட் காலை பக்கத்து வீட்டு ஆச்சி குடத்துடன் வயலோர ஊற்றுக்குப் புறப்பட்டுவிட்டார். “இந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தால் ஆஸ்பத்திரி மணக்கிறதே, மாஸ்டர்! பேரப்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்?” என்றார். மழைவெள்ளம் கழுவிக்கொண்டு வந்த அழுக்கெல்லாம் அவ்வூற்றிலே சேர்ந்திருந்தது. பிள்ளையைக் காக்க எண்ணிய பாசமே பிள்ளைக்குப் பகையாக நின்றது. கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் மணம் குறையும் என்று நாம் விளக்கினோம். ஆச்சி குடத்தைத் திருப்பினார். தூளிட்டவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் அத்தூளோடு இரண்டு வார்த்தை விளக்கமும் சேர்ந்து வந்திருக்கலாகாதா?

விளக்கமின்றி வரும் மருந்து வெறுங் காட்சியாகிவிடும் என்பதைக் கொரோனாக் காலத்திலும் கண்டோம். 2020 ஏப்பிரலில் திருப்பூர்ச் சந்தை வாயிலிலே, மக்கள் மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. அத்தகைய சுரங்கங்கள் வேண்டாம் எனத் தமிழகச் சுகாதாரத் துறை விரைவிலேயே அறிவித்தது. மனிதர் மேல் தெளிப்பது எந்நிலையிலும் தகாது, வீதிகளில் தெளிப்பதும் பயன் தராது என்று உலகச் சுகாதார நிறுவனம் மே மாதத்தில் உரைத்தது. மண்ணும் அழுக்கும் மருந்தின் வலிமையை உண்டுவிடுகின்றன. ஆகவே முதலில் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், பின்னரே கிருமிநாசினி. நூற்றுக்கு ஐந்து பங்கு வலிமையுள்ள திரவமாயின், ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்து மேசை, கதவுப் பிடிகளைத் துடைக்கலாம். வெயிலும் வெப்பமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்தாலோ நச்சு வாயு எழும்.

வாசலில் சாணமும் மஞ்சள் நீரும் தெளித்த நம் முன்னோர் தூய்மையின் அருமையை அறியாதவரல்லர். எனினும், வாசலைத் தாண்டிய தூய்மை ஒரு குடும்பத்தால் ஆவதன்று. ஒருவர் கிணறு கெட்டால் அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் வருமன்றோ? அதனாலேயே இது சபைகளின் பொறுப்பாகிறது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநகரசபை பெற்ற கண்டிக்கும், அதன் சுற்றிலுமுள்ள பிரதேச சபைகளுக்கும் இது எட்டாத காரியமன்று. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பு விளைகிறது. மலைநாட்டு ஆறுகள் மின்சாரம் தருகின்றன. சபை ஒரு சிறு நிலையம் அமைத்து, புதிதாய் ஆக்கிய நீரை வெயில் படாத போத்தல்களில் வழங்கட்டும். ஒவ்வொரு போத்தலிலும் அளவும் ஆக்கிய திகதியும் எச்சரிக்கையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

ஆச்சிக்கு அதனைப் படித்துக் காட்டப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதன் பொருளை விளங்கவைப்பது எம்போன்ற ஆசிரியர்களின் கடன்.