பாதி மூச்சில் 72 கிலோமீட்டர்



பெருநகரத்தில் வாழும் உங்களுக்கு ஓட்டப் பந்தயம் புதிதன்று. ஞாயிறு அதிகாலையில் குடும்பமாகப் புறப்பட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில், சாலையின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, மார்பிலே எண் குத்திய ஆயிரக்கணக்கானோர் வியர்வை சிந்த ஓடிவருவதைக் கண்டிருப்பீர்கள். பேருந்து வரத் தாமதமானதற்காகச் சற்றுச் சலித்தும் இருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஓடுகிறவர்களில் சிலர் அதோடு திருப்தியடையாமல், செப்டம்பர் மாதத்தில் தேசத்தின் வடகோடியிலுள்ள லடாக்குக்குப் பிரயாணப்படுகிறார்கள். அங்கே கர்துங் என்னும் சிற்றூரிலிருந்து லே நகரம் வரை, இடையில் ஒரு பெரும் பர்வதத்தைத் தாண்டி, 72 கிலோமீட்டர் தூரம் ஓடவேண்டும். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையே அலுவலக நண்பர்களோடு சேர்ந்து, நானும் போகிறேன் என்று சொல்லக்கூடும். ஆகவே அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

லடாக் மாரத்தான் என்னும் ஓட்ட விழா 2012இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவில், மழையே அரிதான அந்தப் பாலைநிலத்தின்மேல் மேகம் வெடித்தது. மண்ணும் பாறையும் கலந்த வெள்ளம் லே நகரத்தையும் அருகிலுள்ள சோக்லம்சர் கிராமத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பிழைப்புக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்திருந்த கூலித் தொழிலாளர்களும் உண்டு. அந்தத் துயரத்திலிருந்து நகரம் எழுந்துகொண்டிருந்த நாட்களில் தொடங்கிய விழா இது. அதன் கடினமான பந்தயங்களில் ஒன்று கர்துங் லா ஓட்டம். லா என்றால் லடாக்கியரின் பாஷையில் மலைக் கணவாய் என்று பொருள்.

லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். டில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் லேயில் இறங்கிவிடலாம். ஆபத்து அந்த எளிமையிலேயே தொடங்குகிறது. விமானத்தைவிட்டு இறங்குகிறவர் நீல ஆகாயத்தையும் பழைய அரண்மனையையும் சிந்து நதிக்கு அப்பாலுள்ள பனிமலைகளையும் கண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார். அன்று இரவே தலை பிளப்பதுபோல் வலிக்கிறது. உணவு வேண்டாமல் போகிறது. உறக்கத்தில் சில விநாடிகள் மூச்சு நின்று, பின்பு பெருமூச்சோடு திடுக்கிட்டு விழிக்கிறார்.

உயரத்தில் பிராணவாயு குறைவு என்று நாம் சொல்வது முற்றிலும் சரியன்று. காற்றில் அதன் பங்கு எங்கும் ஏறக்குறைய 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடற்கரையிலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லாவின் உச்சியில் ஏறத்தாழ பாதி. ஆகவே சென்னைக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைப்பதைப் பெற, அங்கே இரண்டு மூச்சு வேண்டும். சரீரம் இந்தக் குறைவுக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள வல்லது. முதலில் மூச்சு வேகமாகிறது. இரத்தத்தின் இரசாயனச் சமநிலையைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் திருத்துகின்றன. சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இந்த வேலைகளில் எதையும் பணம் கொடுத்தோ, மனவுறுதியாலோ துரிதப்படுத்த முடியாது. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை ஓரளவு உதவுகிறது என்பது மெய்யே. ஆனால் அது உதவிதானேயொழிய நாட்களுக்கு ஈடன்று.

இதை நம் தேசம் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. 1962இல் சீனப் போரின்போது சமவெளியிலிருந்த வீரர்கள் இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பகைவனின் குண்டு படாமலேயே பலர் சாய்ந்தார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது, சிலருக்கு மூளை வீங்கியது. இராணுவ மருத்துவரான இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1,925 வீரர்களின் மலை நோயை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். நம் இராணுவம் வகுத்துக்கொண்ட ஒழுங்கும் இத்தகைய அனுபவத்திலிருந்து வந்ததே. முதற்கட்டத்தில் 6 நாட்கள், இன்னும் உயரே போனால் மேலும் 4 நாட்கள், 4,500 மீட்டரைக் கடந்தால் இன்னும் 4 நாட்கள் என்று, ஒரு வீரன் பதினான்கு நாட்களை மலைக்குக் கொடுக்கவேண்டும். முதல் இரண்டு நாட்கள் இளைப்பாறுதலைத் தவிர வேறொன்றும் இல்லை. சியாச்சினில் காவல் காத்துத் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால், வாலிப வயதில் சும்மா படுத்திருப்பது எத்தனை கடினமான கட்டளை என்பதைச் சொல்லுவார்கள்.

ஓட்டக்காரனுக்கும் இதே சட்டம்தான். பந்தயத்துக்கு வெகு நாட்கள் முன்னதாகவே அவன் லேக்கு வந்துவிட வேண்டும். வந்து, மெதுவாக நடந்து, வெந்நீரும் சூப்பும் குடித்து, மாலையில் சிறு குன்றொன்றில் ஏறி இறங்கி, மற்ற நேரமெல்லாம் காத்திருக்க வேண்டும். சமவெளியில் மாதக்கணக்காக ஓடிப் பழகிய கால்கள் துடிக்கும். அப்போது அடங்கியிருப்பதே பயிற்சி. உங்கள் பிள்ளை கர்துங் லாவுக்குப் போகிறேன் என்று சொன்னால், எத்தனை கிலோமீட்டர் ஓடிப் பழகினாய் என்று கேட்பதற்கு முன்னே, எத்தனை நாள் விடுப்பு வாங்கியிருக்கிறாய் என்று கேளுங்கள். நான்கு நாள் என்று பதில் வந்தால், தடுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஓட்டக்காரர்களை வண்டிகளில் ஏற்றி, கணவாய்க்கு மறுபுறத்திலுள்ள கர்துங் கிராமத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலுள்ள சிற்றூர் அது. வாற்கோதுமை வயல்களும், கூரைமேல் குளிர்காலத்திற்காக அடுக்கிய வைக்கோலும் விறகும், வெள்ளையடித்த மண் சுவர்களும் உள்ள இடம். அந்த வீடுகளிலேயே இரவு தங்குகிறார்கள். நன்றாக உறங்கினேன் என்று சொல்பவரைக் காண்பது அரிது.

அதிகாலை 3 மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது. நெற்றியில் கட்டிய சிறு விளக்கின் வெளிச்சம் சில அடி தூரத்துக்கு மட்டுமே. அதற்கப்பால் இருளும் நட்சத்திரங்களும். கைகளில் கையுறை, கழுத்தில் சால்வை, முதுகில் தண்ணீர். அந்தத் தண்ணீரும் குழாய்முனையில் உறைந்துவிடுகிறது. முதல் சில கிலோமீட்டர் கூட்டமாக ஓடுவார்கள். பின்பு ஒவ்வொருவராகப் பிரிந்து, தன் மூச்சின் சத்தத்தை மாத்திரம் கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். வடக்கு புல்லு என்னும் இராணுவச் சாவடியை நெருங்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்குகிறது.

அங்கிருந்து உச்சி வரையுள்ள பகுதிதான் இந்த ஓட்டத்தின் இருதயம். இதை ஓட்டம் என்று சொல்வதே பொருந்தாது. பலர் நடக்கிறார்கள். நூறு அடி நடந்து, குனிந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, எண்ணி மூச்சு வாங்கி, மறுபடியும் நடக்கிறார்கள். சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மேல் வளைவில் போகிறவரைக் கண்ணால் காணலாம், அவரை எட்ட அரை மணி நேரம் ஆகும். தார் தேய்ந்த இடங்களில் கூழாங்கற்களும், உருகி மறுபடி உறைந்த பனிநீரும் காலை வழுக்குகின்றன. இனிப்பைக் கண்டாலும் குமட்டுகிறது. ஆனால் உண்ணாவிட்டால் கால்கள் நின்றுவிடும். இந்த இடத்தில் ஓட்டக்காரன் தன்னைத்தானே நியாயம் விசாரிக்க வேண்டும். களைப்பு வேறு, நோய் வேறு. நேர்க்கோட்டில் கால்முன் கால் வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், இளைப்பாறிய பின்னும் மூச்சு அடங்காமல் நுரையோடு இருமல் வந்தால், அதற்கு மேல் ஓரடியும் ஏறக்கூடாது. உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. இறங்குவதற்காகவே வழியில் வண்டிகளும் மருத்துவர்களும் ஆயத்தமாக நிற்கிறார்கள். அந்த வண்டியில் ஏறுவதை வெட்கமாக எண்ணுகிறவனை மலைக்கு அனுப்பாதிருப்பதே நலம்.

சுமார் 32 கிலோமீட்டர் ஏறிய பின் உச்சி வருகிறது. ஜெபக்கொடிகள் படபடக்கும் அந்த இடத்தில், உயரம் 18,380 அடி என்றும் மோட்டார் வாகனம் செல்லும் உலகத்தின் மிக உயர்ந்த சாலை இதுவே என்றும் வெகுகாலம் பலகை பறைசாற்றியது. நவீன அளவீடுகளின்படி அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,582 அடிதான். 2021இல் நம் எல்லைச் சாலை நிறுவனமே உம்லிங் லாவில் 5,798 மீட்டர் உயரத்தில் சாலை அமைத்து முடித்தது. பலகையின் எண்ணூறு அடி மிகைப்படுத்தலால் கர்துங் லாவின் மேன்மை கூடவுமில்லை, குறையவுமில்லை. உச்சியில் மூச்சுக்குத் திணறுகிறவன் அடிக்கணக்கு பார்ப்பதுமில்லை!

இது பழைய வழி. லேயிலிருந்து மத்திய ஆசியாவின் காஷ்கர் பட்டணத்துக்கு வியாபாரக் கூட்டங்கள் குதிரைகளோடும் இரட்டைத் திமில் ஒட்டகங்களோடும் இக்கணவாயைத் தாண்டிச் சென்றன. அந்த ஒட்டகங்களின் சந்ததி இன்றும் மறுபுறத்து நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டரில் மேய்கிறது. மோட்டார் சாலை 1976இல் வெட்டப்பட்டு, 1988இல் பொதுவாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சியாச்சினுக்குப் போகும் உணவும் எரிபொருளும் இவ்வழியாகவே செல்வதால், பனிக்காலத்திலும் இதைத் திறந்து வைக்கப் பாடுபடுகிறார்கள்.

உச்சியிலிருந்து லேக்கு 40 கிலோமீட்டர் இறக்கம். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். ஏற்றத்தில் நுரையீரல் பட்ட பாட்டை இறக்கத்தில் தொடைகள் படுகின்றன. ஒவ்வொரு அடியிலும் சரீரத்தின் பாரத்தைத் தடுத்து நிறுத்தும் தசைகள் நெகிழ்ந்து புண்ணாகின்றன. வெயில் ஏறிவிட்டதால், அதிகாலையில் விறைத்த முகம் இப்போது தீய்கிறது. தெற்கு புல்லுச் சாவடியைக் கடந்தால் லே நகரத்தின் பசுமை தூரத்தில் தெரியும். தெரிகிறதேயொழிய, நெருங்குவதில்லை.

இந்தச் சாலையோரங்களில் நீங்கள் இன்னொரு கூட்டத்தைக் காணலாம். முகத்தைத் துணியால் சுற்றி, கல் உடைத்து, பீப்பாயில் தார் காய்ச்சி, சரிந்த மண்ணை மண்வெட்டியால் அள்ளுகிற ஆண்களும் பெண்களும். அவர்களில் அநேகர் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தார். சமவெளியில் பிறந்தவர்கள். ரயிலிலும் லாரியிலும் வந்து, கோடைகாலம் முழுவதும் இந்த உயரத்தில் உழைக்கிறார்கள். ஓட்டக்காரன் ஒரு காலைப்பொழுது சுவாசிக்கும் மெலிந்த காற்றை இவர்கள் மாதக்கணக்காகச் சுவாசிக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த முகங்கள் அந்நியமானவை அல்ல. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் லடாக்கின் படாலிக் பகுதியில் சிக்கிக்கொண்ட 60 தொழிலாளர்களை ஜார்க்கண்ட் அரசு மே மாத இறுதியில் விமானத்தில் வீடு சேர்த்தது. இரண்டு வாரம் கழித்து, ஊதியத்தையும் மருத்துவ வசதியையும் பற்றிப் பேசி முடித்த பின், தும்காவிலிருந்தே ஒரு தனி ரயில் நிறையத் தொழிலாளர்கள் மறுபடியும் லடாக் சாலைகளுக்குப் புறப்பட்டார்கள். பதினான்கு நாள் ஒழுங்கு வீரனுக்கு இருக்கிறது, ஓட்டக்காரன் அதைத் தன் பணத்தால் வாங்கிக்கொள்கிறான். கூலிக்காரனின் சரீரமும் அதே சரீரம்தான். அவன் மலைக்குக் கொடுக்கும் முதல் நாட்களுக்குக் கூலி உண்டா என்பதே நான் இந்த ஓட்டத்தைக் குறித்துக் கேட்க விரும்பும் கேள்வி.

கங்லஸ் கிராமத்தின் பாப்ளர் மரங்கள் வந்துவிட்டால் நகரம் வந்துவிட்டது என்று பொருள். பிள்ளைகள் சாலையோரத்தில் நின்று, ஜூலே, ஜூலே என்று கைகளை நீட்டுகிறார்கள். லடாக்கியர் வாழ்த்துவதற்கும் நன்றி கூறுவதற்கும் அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதலில் வந்து சேருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் மைந்தர்களும், லடாக் ஸ்கவுட்ஸ் படைவீரர்களுமே. தலைமுறை தலைமுறையாக அக்காற்றில் வாழ்ந்தவர்களோடு பதினைந்து நாள் விருந்தாளி போட்டியிட முடியாது. மற்றவர்கள் நண்பகலிலும் அதற்குப் பின்னும் வருகிறார்கள். 14 மணி நேரமே அவகாசம். மாலை 5 மணிக்குக் கணக்கு மூடப்படுகிறது. ஒரு நிமிடம் பிந்தி வருகிறவருக்கும் தேநீர் உண்டு, பதக்கம் இல்லை.

செப்டம்பர் முடியும் முன்னே ஓட்டக்காரர்கள் விமானமேறிவிடுகிறார்கள். சாலைத் தொழிலாளர்கள் பனி இறுகும்வரை இருந்து, பின்பு கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு, தும்காவில் நெல் அறுவடைக்கு வந்து சேருகிறார்கள்.